ஓஸ்லோ காலையுணவு: நார்வேயின் கட்டுச்சோறு வந்த கதை

நார்வேக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் பெயர் 'மாட்பாக்கே'. 'மாட்' என்றால் சாப்பாடு, 'பாக்கே' என்றால் பொட்டலம். அப்படியே தமிழில் சொன்னா சோத்துப் பொட்டலம்! ஆனா உள்ளே சோறு இருக்காது. தவிடு நீக்காத மாவில் செய்த ரொட்டித் துண்டுகள் மூணு நாலு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு சீஸ், இல்லைன்னா ஈரல் விழுது, இல்லைன்னா மீன். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு மெல்லிய காகிதம். இதுக்குன்னே சரியான அளவில் வெட்டிய காகிதம் அங்கே கடைகளில் கிடைக்கிறது. எல்லாவற்றையும் அடுக்கிச் சுற்றினால் முடிஞ்சது. சமைக்க வேண்டாம், சூடாக்க வேண்டாம்.

உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று. எண்ணெய் வளம் கொட்டிக்கிடக்கிறது. கல்வி இலவசம். ஆனால் பள்ளியில் மதிய உணவு மட்டும் இன்றும் வீட்டிலிருந்துதான் போகிறது. தேசிய அளவில் இலவச மதிய உணவுத் திட்டம் எதுவும் கிடையாது. பக்கத்து நாடுகளான சுவீடனிலும் ஃபின்லாந்திலும் பல தலைமுறைகளாக எல்லாப் பிள்ளைகளுக்கும் சுடச்சுட இலவசச் சாப்பாடு.

ஏன் இந்த வித்தியாசம்? 'அவங்க பழக்கம் அப்படி' என்று விட்டுவிடலாம். ஆனால் நார்வேயின் தலைநகரில் ஒரு காலத்தில் நகராட்சியே பிள்ளைகளுக்குச் சூடான சாப்பாடு போட்டது. பிறகு, நன்கு யோசித்து, அதை நிறுத்தியது. அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு மருத்துவரும் ஒரு உணவுப் பட்டியலும் இருக்கிறார்கள். 'ஓஸ்லோ காலையுணவு' என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட பட்டியல் அது.

கஞ்சியும் சூப்பும்

1889-இல் நார்வேயில் புதிய தொடக்கப்பள்ளிச் சட்டம் வந்தது. ஏழை, பணக்காரர் எல்லார் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்ததும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது: யார் சாப்பிட்டுட்டு வந்திருக்கா, யார் பட்டினியா வந்திருக்கா என்பது. அப்போது தலைநகரின் பெயர் கிறிஸ்தியானியா (1925-இல்தான் ஓஸ்லோ என்று மாறியது). 1890-களின் இறுதியில் அந்த நகராட்சி ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சூடான உணவு கொடுக்கத் தொடங்கியது. சூப், கஞ்சி, பட்டாணி, உருளைக்கிழங்கு. வயிறு நிறைஞ்சா போதும் என்பதுதான் அன்றைய கணக்கு. ஏழை வீட்டுப் பிள்ளை என்று சொல்லித்தான் அதை வாங்க வேண்டும் என்பது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த சங்கடம்.

இந்த மாதிரிச் சாப்பாடு உதவியதா என்றால், உதவியது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 1907-இல் இதை அளந்தே பார்த்தார்கள். ரால்ஃப் குரோலி என்ற பள்ளி மருத்துவர் 40 ஏழைப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை காலையும் மதியமும் உணவு கொடுத்து எடை பார்த்தார். எடை நன்றாக ஏறியது. நடுவில் சில நாள் விடுமுறை வந்தது, சாப்பாடு நின்றது, எடை இறங்கியது. திரும்பப் பள்ளி திறந்ததும் மறுபடி ஏறியது. இதைவிடத் தெளிவாக ஒன்றை நிரூபிக்க முடியுமா என்ன? அந்த அறிக்கையில் இன்னொரு சின்ன விஷயமும் இருக்கிறது. முதல் நாள் ஓட்ஸ் கஞ்சியை 13 பிள்ளைகள் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். மறுநாள் தள்ளியவர்கள் 2 பேர். அதுக்கப்புறம் எல்லோரும் சாப்பிட்டார்கள். பிள்ளை புதுசா எதையும் தொடமாட்டேங்குது என்று கவலைப்படும் பெற்றோர் நூறு வருஷத்துக்கு முந்தைய இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆக, சூடான உணவு பயனற்றது என்பதால் ஓஸ்லோ அதை விடவில்லை. நடுவில் அறிவியல் மாறியது.

கினிப்பன்றிகள் சொன்ன செய்தி

அந்த மாற்றத்தில் ஒரு முக்கியமான பங்கு கிறிஸ்தியானியாவிலேயே நடந்தது. ஆக்சல் ஹோல்ஸ்ட் அங்கே சுகாதாரவியல் பேராசிரியர். நார்வே கப்பல் மாலுமிகளுக்கு வந்த, பெரிபெரி போலத் தோன்றிய ஒரு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். தீட்டிய அரிசியை மட்டும் தின்கிற கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற நோய் வருவது அப்போதே தெரிந்த விஷயம். ஹோல்ஸ்டும் குழந்தை மருத்துவர் தியோடர் ஃப்ரோலிக்கும் சேர்ந்து கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியம் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த நோய் வரவில்லை. வந்தது ஸ்கர்வி, பழைய கடற்பயணங்களில் மாலுமிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய். கூடவே கொஞ்சம் பச்சை முட்டைக்கோஸ் கொடுத்தால் நோய் வராது. காய்ந்த முட்டைக்கோஸ் கொடுத்தால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 1907-இல் இதை வெளியிட்டார்கள். வைட்டமின் என்ற சொல்லே அப்போது இல்லை. காசிமிர் ஃபங்க் அந்தச் சொல்லை உருவாக்கியது 1912-இல்.

அதற்கடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 1919 வாக்கில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி, நாய்க்குட்டிகளுக்கு உணவை மாற்றி மாற்றிக் கொடுத்து, எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோயை வரவழைத்தும் காட்டினார், காட் மீன் எண்ணெயால் தடுத்தும் காட்டினார். 1922-இல் அமெரிக்காவில் எல்மர் மெக்காலம் அந்த எண்ணெயில் இருக்கும் பொருளைத் தனியாக அடையாளம் கண்டார். அதுதான் வைட்டமின் டி.

இதையெல்லாம் படித்த ஒரு மருத்துவர் பள்ளிச் சூப்பை எப்படிப் பார்த்திருப்பார்? வயிறு நிறைகிறது, சரி. ஆனா இதுல பச்சைக் காய் எங்கே, பழம் எங்கே, பால் எங்கே?

ஷியோட்ஸின் பட்டியல்

கார்ல் ஷியோட்ஸ் (1877–1938) தலைநகரின் பள்ளி மருத்துவராக இருந்தவர். பிறகு பல்கலைக்கழகத்தில் சுகாதாரவியல் பேராசிரியர் ஆனார். பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் ஆண்டுக்கணக்கில் அளந்து பதிவு செய்தவர். நகராட்சியின் சூடான உணவைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வேகவைத்து வேகவைத்துச் சத்தை எடுத்துவிட்ட உணவு என்பது அவர் குறை. அதற்குப் பதிலாக அவர் முன்வைத்தது, பள்ளி தொடங்குவதற்கு முன்னால் ஒரு குளிர்ந்த காலையுணவு:

- தவிடு நீக்காத மாவில் செய்த ரொட்டி, மேலே மார்கரின்
- சீஸ், பெரும்பாலும் மோரிலிருந்து செய்யும் பழுப்பு நிறச் சீஸ்
- பால்
- அரை ஆரஞ்சு அல்லது அரை ஆப்பிள். அது கிடைக்காத காலத்தில் பச்சைக் கேரட்
- குளிர்காலத்தில் காட் மீன் எண்ணெய்

அவ்வளவுதான். சமையல் என்று எதுவும் இல்லை.

இந்தப் பட்டியலை ஒரு தடவை நிதானமாகப் பாருங்க. ஒவ்வொரு பொருளும் ஒரு குறிப்பிட்ட குறையை அடைக்க வந்தது. தவிட்டு ரொட்டியில் பி வைட்டமின்களும் இரும்பும் நார்ச்சத்தும். பாலிலும் சீஸிலும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும். பழத்தில் வைட்டமின் சி. கேரட்டில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பொருள். மீன் எண்ணெயில் ஏ-யும் டி-யும். ஓஸ்லோ இருப்பது ஏறக்குறைய 60 பாகை வடக்கு அட்சரேகையில். குளிர்காலத்தில் சூரியன் தொடுவானத்தை ஒட்டியே நகரும். அந்த வெயிலில் தோல் வைட்டமின் டி உண்டாக்க முடியாது. அதனால்தான் நார்வேயில் ஒரு பழைய விதி: பெயரில் 'ஆர்' எழுத்து வரும் மாதங்களில் மீன் எண்ணெய் குடிக்கணும். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எல்லா மாதப் பெயரிலும் 'ஆர்' உண்டு. மே முதல் ஆகஸ்ட் வரை, அவர்கள் மொழியில், இல்லை. பிள்ளைகள் வரிசையாக நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி விழுங்கினார்கள்.

இன்னொரு பக்கம், செலவு. சமையலறை வேண்டாம், அடுப்பு வேண்டாம், விறகு நிலக்கரி வேண்டாம், சமையல்காரர் சம்பளம் வேண்டாம். ஒரு அறை, சில மேசைகள், ரொட்டி வெட்டக் கத்தி, பால் ஜக்கு. 1930-களின் தொடக்கம் என்பது உலகமே பொருளாதார வீழ்ச்சியில் சிக்கியிருந்த நேரம் என்பதை மறக்கக்கூடாது. 1932 வாக்கில் ஓஸ்லோ பள்ளிகளில் இந்த உணவு நடைமுறைக்கு வந்தது. ஏழை என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை, எல்லாப் பிள்ளைகளும் வந்து உட்காரலாம். பழைய சூப்போடு ஒட்டியிருந்த சங்கடம் இதில் இல்லை.

மூன்றாவதாக ஒன்று. காலை உணவு பள்ளியில் முடிந்துவிடும். சூடான சாப்பாடு மாலையில் வீட்டில், குடும்பத்தோடு. அதாவது பள்ளி பிள்ளைக்குச் சத்தைக் கொடுக்கும், ஆனால் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கை வைக்காது. நகராட்சிக்கு மலிவு, மருத்துவருக்குத் திருப்தி, குடும்பத்துக்கும் இடைஞ்சல் இல்லை. பரவாமல் எப்படி இருக்கும்?

பரவியது. பிரிட்டனில் இதைப் பின்பற்றச் சொல்லிப் பிரச்சாரம் நடந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1940-களில் 'ஓஸ்லோ லஞ்ச்' என்ற பெயரில் பள்ளிகளில் பிரபலமானது. தவிட்டு ரொட்டி, சீஸ், பால், பழம். ஓஸ்லோ எங்கே இருக்கு என்றே தெரியாத பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லிச் சாப்பிட்டார்கள்.

பொட்டலம் வீட்டுக்குப் போன விதம்

இதுவரை இது ஒரு வெற்றிக் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கப்புறம் நடந்தது.

ஓஸ்லோ நகராட்சியிடம் பணம் இருந்தது. சின்ன ஊர்களிடம் இல்லை. ஓஸ்லோவுக்கு மேற்கே சிக்டால் என்ற கிராமப்புறப் பகுதி. அங்கே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பட்டியல் ஓஸ்லோவுடையதேதான், ஆனால் ரொட்டியும் சீஸும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரணும். என்ன கட்ட வேண்டும் என்று பெற்றோருக்கு அறிவுரை போகும். 'சிக்டால் காலையுணவு' என்று இதற்குப் பெயர். பார்க்கச் சின்ன மாற்றம்தான். ஆனா உண்மையில் செலவும் வேலையும் நகராட்சியிலிருந்து குடும்பத்துக்குக் கைமாறிவிட்டது. நகராட்சியின் கையில் மிச்சம் இருந்தது அறிவுரை.

நடுவில் போர் வந்தது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தது. ரொட்டி, பால், கொழுப்பு எல்லாம் ரேஷன். ஷியோட்ஸின் பட்டியலில் உள்ள பொருள்கள் கடையிலேயே இல்லாத நிலை. 1942 முதல் சுவீடன் அனுப்பிய உதவியில் நார்வே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றினார்கள். 'சுவீடன் சூப்' என்றே அதற்குப் பெயர். அன்று கிண்ணம் ஏந்தி நின்ற தலைமுறை கடைசிவரை அதை நன்றியோடு பேசியது. ஷியோட்ஸ் எதை வேண்டாம் என்றாரோ அந்தச் சூடான சூப்தான் பஞ்ச காலத்தில் திரும்ப வந்து பிள்ளைகளைக் காப்பாற்றியது.

போர் முடிந்தது. நாடு மெல்லச் செழித்தது. இங்கேதான் மூன்று அண்டை நாடுகளின் பாதை பிரிகிறது.

ஃபின்லாந்து 1943-இல், போருக்கு நடுவிலேயே, எல்லாத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு என்று சட்டம் போட்டது. ஐந்து வருட அவகாசம், 1948-இல் முழுமையாக நடைமுறை. ஏழ்மையான நாடு அப்போது. பிள்ளைகளும் பள்ளி நேரத்துக்கு வெளியே காட்டில் பழம் பறித்துக் கொடுத்தும் தோட்ட வேலை செய்தும் பள்ளிச் சமையலறைக்கு உதவினார்கள். சுவீடன் 1946-இல் பள்ளி உணவுக்கு அரசு மானியம் தர முடிவெடுத்தது. இரண்டு நாடுகளிலும் சமையலறை கட்டினார்கள், ஆள் போட்டார்கள், அது பொதுச் செலவு ஆனது.

நார்வே எதிர்த் திசையில் போனது. ஓஸ்லோ காலையுணவுக்குச் சமையலறையே தேவைப்படவில்லை, அதனால் பள்ளிகளில் சமையலறை இல்லை. மேசையில் வைத்த ரொட்டியையும் பாலையும்தான் பள்ளி கொடுத்தது. அதே ரொட்டி இப்போ எல்லா வீட்டிலும் இருக்கே, பிறகு பள்ளி எதுக்குக் கொடுக்கணும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். 1950-களில் திட்டம் தேய்ந்தது, 1960-களில் ஓஸ்லோவிலும் முடிவுக்கு வந்தது. மிஞ்சியது மாட்பாக்கே.

இதில் சொல்லாமல் விடப்படும் ஒரு காரணம் உண்டு. 1950-களையும் 60-களின் தொடக்கத்தையும் நார்வே வரலாற்றில் இல்லத்தரசிகளின் பொற்காலம் என்பார்கள். திருமணமான பெண்களில் மிகப் பெரும்பாலோர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்கள். ஃபின்லாந்தில் பெண்கள் வயலிலும் ஆலையிலும் வேலை செய்தார்கள். 'பொட்டலம் வீட்டிலிருந்து வரட்டும்' என்று ஒரு நாடு தைரியமாகச் சொல்ல முடிந்தது என்றால், காலையில் ரொட்டியை வெட்டி, தடவி, காகிதம் வைத்துச் சுற்ற ஒரு கை வீட்டில் இருந்தது. அந்தக் கைக்குச் சம்பளம் கிடையாது. அதனால்தான் மாட்பாக்கே கணக்கில் அவ்வளவு மலிவு.

பட்டியல் ஜெயித்தது, மேசை போயிற்று

நியாயமாகச் சொல்லணும் என்றால், ஷியோட்ஸின் அறிவியல் தோற்கவில்லை. தவிட்டு ரொட்டி சாப்பிடும் பழக்கம் நார்வேயில் இன்றும் வலுவாக இருக்கிறது. பெரியவர்களும் அலுவலகத்துக்கு அதே பொட்டலத்தைத்தான் கொண்டுபோகிறார்கள். பதினொன்றரை மணி வாக்கில், அரை மணி நேரத்தில் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். பல வீடுகளில் பத்து வயதுப் பிள்ளை தன் பொட்டலத்தைத் தானே கட்டும். இதெல்லாம் நல்ல விஷயங்கள்.

போனது எது என்றால், எல்லாருக்கும் ஒரே மாதிரி என்ற உறுதி. பள்ளி மேசையில் அரை ஆரஞ்சு எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்தது. வீட்டுப் பொட்டலத்தில் அது வீட்டுக்கு வீடு மாறும். ஒரு பிள்ளை டப்பாவைத் திறந்தால் நாலு துண்டும் திராட்சையும். இன்னொரு பிள்ளையிடம் காய்ந்த ஒரு துண்டு. மற்றொன்று டப்பாவே கொண்டு வரவில்லை, 'பசிக்கல' என்று சொல்லும். 1889-இல் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது தெரிந்த அதே வித்தியாசம், டப்பாவுக்குள் ஒளிந்துகொண்டு திரும்ப வந்துவிட்டது. 2007-இல் அரசு குறிப்பிட்ட பள்ளிகளில் தினமும் இலவசமாகப் பழமோ காயோ கொடுக்கத் தொடங்கியது. 2014-இல் அது நிறுத்தப்பட்டது. பள்ளி உணவு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் மட்டும் அங்கே ஓயவே இல்லை.

1980-களில் இருந்து இலங்கையிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் நார்வேயில் வாழ்கின்றன. இடியப்பமும் புட்டும் சோறும் கறியும் சூடாகச் சாப்பிட்ட தலைமுறை, பிள்ளைகளுக்கு ரொட்டிப் பொட்டலம் கட்டக் கற்றுக்கொண்டது. குளிர்ந்த உணவுக்கென்றே அமைந்த பள்ளி அது, சோறு கொடுத்துவிட்டால் மதியத்துக்குள் விறைத்துப்போகும். ஒரு நகராட்சி மருத்துவர் 1930-களில் எழுதிய பட்டியல் இப்படி யாழ்ப்பாணத்துச் சமையலறைப் பழக்கத்தையும் மாற்றிவிட்டது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்நேரம் நம்ம சத்துணவு நினைவுக்கு வந்திருக்கும். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில், ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் என்று தொடங்கியது. 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர். என்று அது விரிந்தது. வீட்டிலிருந்து கட்டிக்கொடுக்க ஒன்றுமே இல்லாத பிள்ளைகளை மனதில் வைத்து உருவானது அது. அதனால் அடுப்பும் ஆளும் பள்ளிக்கே வந்தாக வேண்டியிருந்தது. நம் திட்டத்தில் சத்து போதுமா என்ற கேள்வி பிறகு வந்தது, முட்டை பிறகு சேர்ந்தது. நார்வேயில் சத்துக் கணக்கு முதலில் வந்தது, மேசை பிறகு காணாமல் போனது.

தினமும் காலையில் டப்பா கட்டுகிறவர்களுக்கு இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, ஷியோட்ஸ் போட்ட கணக்கு. அந்த ரொட்டியையும் சீஸையும் நாம் வாங்கத் தேவையில்லை. தவிடு போகாத ஒரு தானியம், புரதத்துக்கு ஒன்று, வேகவைக்காத காயோ பழமோ ஒன்று, இந்த மூன்றும் டப்பாவில் இருக்கா என்று பார்த்தால் போதும். கேழ்வரகு அடை, அவித்த கடலை, ஒரு கொய்யா என்றாலும் கணக்கு சரிதான். மீன் எண்ணெய் ஓஸ்லோ வானத்துக்காக எழுதியது, நம்ம ஊர் வெயிலில் விளையாடுகிற பிள்ளைக்கு அதே விதி பொருந்தாது.

இரண்டாவது, 'வீட்டுச் சாப்பாடுதான் மலிவு, வீட்டுச் சாப்பாடுதான் நல்லது' என்று யாராவது சொன்னால், அதைக் கட்டுகிற நேரம் யாருடையது என்றும் கேட்டுக்கொள்ளலாம். ஓஸ்லோ நகராட்சியின் செலவுக் கணக்கிலிருந்து அந்த வரி காணாமல் போனது. அந்த வேலையை அடுத்த நாள் காலையிலிருந்து வீட்டில் ஒருவர் செய்தார். அடுத்த கட்டுரையில் ஃபின்லாந்தின் 1943 சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்தில் பள்ளிச் சமையலறைக்குச் சட்டம் போட ஒரு நாடாளுமன்றத்துக்கு எப்படித் தோன்றியது என்பது தனியாகவே எழுத வேண்டிய விஷயம்.